கருத்தடை மாத்திரை அட்டை பாதியில் இருக்கும்போதே ரத்தம் படுகிறது. கரு நின்றிருக்குமோ?

கொடிமல்லி (செவ்வாய், இரவு 10.50)

எல்லோருக்கும் வணக்கம். நாலு நாளாக யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். இங்கே அக்காமார்கள் பேசிக்கொள்வதைப் படித்த தைரியத்தில் எழுதுகிறேன்.

எனக்கு 26 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பாப்பாவுக்கு ஒரு வயது இரண்டு மாதம். அடுத்த குழந்தைக்கு மூன்று வருஷமாவது இடைவெளி வேண்டும் என்று நானும் அவரும் பேசி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாலா-என் என்ற கருத்தடை மாத்திரை வாங்கினேன். முதல் அட்டை நன்றாகவே போனது. 21 வெள்ளை மாத்திரை முடிந்து, பழுப்பு மாத்திரை மூன்றாவது போட்ட அன்று பீரியட்ஸ் வந்தது. நான்கு நாளில் நின்றுவிட்டது.

இது இரண்டாவது அட்டை. இதில் ஆறாவது, ஏழாவது மாத்திரையை விட்டுவிட்டேன். மாரியம்மன் பண்டிகைக்கு அம்மா ஊருக்குப் போனபோது அட்டை இங்கேயே தங்கிவிட்டது. மாமியார் கண்ணில் படக்கூடாது என்று கடுகு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருப்பேன், அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டேன். எட்டாம் நாள் இரவு திரும்பி வந்ததும் இரண்டு போட்டேன், மறுநாளும் இரண்டு போட்டேன். அப்படித்தான் நர்ஸ் அக்கா முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் எட்டாம் நாள் இரவு கணவரோடு சேர்ந்தும் இருந்தேன்.

பதினோராம் நாள் காலை பாவாடையில் பழுப்பாக ஒரு கறை, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு. மறுநாள் சிவப்பாகவே வந்தது. இன்றோடு ஐந்து நாள். ஒரு நாளைக்கு ஒரு நாப்கின் போதும், ஆனால் நிற்கவே இல்லை. வயிற்று வலி இல்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். "ரத்தம் வந்துட்டா மாத்திரையை உடனே நிறுத்திடணும், உள்ள கரு இருந்தா ஊனமாப் பொறக்கும்" என்கிறார். அதிலிருந்து கை நடுங்குகிறது. தினமும் 9 மணிக்குப் போடுவேன். இன்றைய மாத்திரையை இன்னும் போடவில்லை. போடட்டுமா, வேண்டாமா?


காவிரிக்கரை (செவ்வாய், இரவு 11.04)

போடும்மா. மற்றதை அப்புறம் பேசுவோம். முதலில் எழுந்துபோய்ப் போட்டுவிட்டு வா.


இருவாட்சி (செவ்வாய், இரவு 11.12)

தங்கை, எனக்கும் கல்யாணமான புதிதில் இதே மாதிரி ஆனது. மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் ரத்தம் காட்டுகிறது. நிறுத்திவிட்டு, கருப்பு எள்ளும் வெல்லமும் இடித்து மூன்று நாள் சாப்பிடு. கொஞ்சம் பப்பாளிக்காயும் சேர்த்துக்கொள். வயிறு சுத்தமாகிவிடும், சந்தேகமும் தீர்ந்துவிடும். எங்கள் அத்தை எங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்வார். உன் பயம் எனக்குப் புரிகிறது, அதனால்தான் சொல்கிறேன்.


கொடிமல்லி (செவ்வாய், இரவு 11.20)

ஒருவர் போடு என்கிறீர்கள், ஒருவர் நிறுத்து என்கிறீர்கள். கையில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருக்கிறேன். யாராவது காரணத்தோடு சொல்லுங்களேன்.


காவிரிக்கரை (செவ்வாய், இரவு 11.31)

காரணம் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, இதே மாத்திரையை ஆறு வருஷம் போட்டவள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2014இல் எனக்கும் மூன்றாவது அட்டையில் இப்படித்தான் பட்டது. பயந்துபோய், பத்து வெள்ளை மாத்திரை மீதம் இருக்கும்போதே அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். இரண்டு நாளில் நன்றாகவே ரத்தம் வந்தது, பீரியட்ஸ் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனது. என் இரண்டாவது மகன் அப்படி வந்தவன்தான். அவனை அன்றும் வேண்டாம் என்று நினைத்ததில்லை, இன்றும் அவன்தான் என் உயிர். ஆனால் டாக்டரம்மா அப்போது சொன்னதை மறக்கவில்லை: "ரத்தம் பட்டதால் கரு நிற்கவில்லை. ரத்தத்தைப் பார்த்து நீங்கள் மாத்திரையை நிறுத்தியதால்தான் நின்றது."

மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும் வரை கருமுட்டை வெளியே வராமல் தூங்கிக்கொண்டிருக்கும். நிறுத்தினால் விழித்துக்கொள்ளும். இவ்வளவுதான். இருவாட்சி அக்கா பாசத்தோடுதான் சொல்கிறார், ஆனால் எள்ளும் பப்பாளியும் இதில் எதையும் செய்யாது. போட்டுவிட்டுப் படு.


கொடிமல்லி (செவ்வாய், இரவு 11.46)

போட்டுவிட்டேன் அக்கா. இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாமதம்.


வெண்புறா (புதன், காலை 6.15)

இரண்டரை மணி நேரம் பரவாயில்லை தங்கை. இந்த மாத்திரையில் ஒரே நாளுக்குள் போட்டுவிட்டால் விட்டதாகவே கணக்கு இல்லை.

நான் 19 வருஷமாக அரசுப் பணியில் செவிலியர். இந்தக் கேள்வியை மாதத்தில் நாலு பேராவது என்னிடம் வந்து, அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரத்தம் ஏன் படுகிறது என்பது. கர்ப்பப்பையின் உட்பக்கம் மெத்தை மாதிரி ஒரு படலம் இருக்கிறது. மாத்திரையில் உள்ள இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து அதை மெல்லியதாக, ஆனால் உதிராமல் பிடித்து வைத்திருக்கின்றன. வெள்ளை மாத்திரை முடிந்து பழுப்பு மாத்திரைக்குப் போனால் அந்தப் பிடி விடுகிறது, படலம் உதிர்கிறது. பீரியட்ஸ் என்று நாம் சொல்வது அதைத்தான். பழுப்பு மாத்திரையில் ஹார்மோனே கிடையாது, வெறும் இரும்புச்சத்து. தினமும் போடுகிற பழக்கம் விடக்கூடாது என்பதற்காகவும், ரத்தம் குறைகிற உடம்புக்கு உதவட்டும் என்பதற்காகவும் வைத்திருக்கிறார்கள்.

நீ ஆறாவதையும் ஏழாவதையும் விட்டாய் அல்லவா? அந்த இரண்டு நாளும் உடம்புக்கு அவை பழுப்பு மாத்திரை நாள் மாதிரிதான். பிடி கொஞ்சம் தளர்ந்தது. நாலைந்து நாள் கழித்துப் படலம் ஓரத்தில் உதிர ஆரம்பித்தது. அட்டை நடுவில் ரத்தம் படுவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான், மாத்திரை விட்டுப்போவது. இன்னொன்றும் இருக்கிறது. நீ ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒரு மாத்திரையும் விடாதவர்களுக்கே முதல் மூன்று மாதம் இப்படி அங்கங்கே படும். உடம்பு பழகியதும் பெரும்பாலானவர்களுக்குத் தானாக நின்றுவிடும்.

இரண்டாவது, கரு நின்றிருக்குமா என்பது. ரத்தம் படுவதை வைத்து 'ஆம்' என்றும் சொல்ல முடியாது, 'இல்லை' என்றும் சொல்ல முடியாது. இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள். "ரத்தம் வந்துவிட்டது, அதனால் கரு இல்லை" என்று நிம்மதியாக இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கர்ப்பத்தின் தொடக்கத்திலும் சிலருக்குக் கொஞ்சம் படும். கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது: எத்தனை மாத்திரை விட்டாய், எப்போது விட்டாய், அந்தச் சமயத்தில் சேர்ந்திருந்தாயா.

மாலா-என்னில் ஒன்றோ இரண்டோ விட்டுப்போனால் ஆபத்து குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மூன்று அல்லது அதற்கு மேல் விட்டால்தான் கட்டாயம் ஏழு நாள் ஆணுறை வேண்டும் என்கிறார்கள். இரண்டு விட்டாலே ஏழு நாள் ஆணுறை என்று பாதுகாப்புக்காகச் சொல்கிற டாக்டர்களும் உண்டு, நானும் அப்படித்தான் சொல்லி அனுப்புவேன். காரணம், உனக்கு விட்டது முதல் வாரத்தில். அதற்கு முன்னால்தான் ஏழு நாள் பழுப்பு மாத்திரை. ஹார்மோன் இல்லாத இடைவெளி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குக் கருமுட்டை கண் விழிக்க வாய்ப்பு. அட்டை நடுவில் இரண்டு விடுவதைவிட, அட்டையின் தொடக்கத்திலோ வெள்ளை மாத்திரையின் கடைசியிலோ விடுவதுதான் மோசம். உனக்கு நடுவில் ஐந்து வெள்ளை மாத்திரை போயிருக்கிறது, அதனால் வாய்ப்பு குறைவுதான். குறைவு என்றால் இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. ஆகையால் டெஸ்ட் பார்த்துவிடுவோம்.

எப்போது பார்ப்பது? இன்றைக்குப் பார்த்தால் ஒரு கோடுதான் வரும், அதை நம்பவும் முடியாது. சேர்ந்திருந்த நாளிலிருந்து 21 நாள் கழிய வேண்டும். எட்டாம் நாளோடு 21 கூட்டினால் 29. அதாவது 28 மாத்திரையும் முடிந்து, மூன்றாவது அட்டையின் முதல் வெள்ளை மாத்திரை போடப் போகிற அன்று காலை. காலையில் எழுந்ததும் முதல் சிறுநீரில் பார். கர்ப்பப் பரிசோதனை அட்டை மெடிக்கலில் கிடைக்கும், அரசு சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கேட்டு வாங்கலாம். கருத்தடை மாத்திரை போடுவதால் டெஸ்ட் தவறாகக் காட்டாது. அது தேடுவது எச்.சி.ஜி. என்ற வேறொரு ஹார்மோனை, கரு தங்கினால்தான் அது சுரக்கும்.

மூன்றாவது, உன் கையை நடுங்க வைத்த அந்தப் பேச்சு. ஒருவேளை கரு இருந்து, தெரியாமல் மாத்திரை போட்டிருந்தாலும் அதனால் குழந்தை ஊனமாகப் பிறப்பதில்லை. தெரியாமல் போட்ட தாய்மார்கள் உலகம் முழுக்க ஏராளம். அவர்களுடைய குழந்தைகளையும் பார்த்துத்தான் மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். டெஸ்டில் இரண்டு கோடு வந்தால் அன்று நிறுத்தினால் போதும். இன்று நிறுத்த வேண்டியதில்லை.

இனி, எப்போது காத்திருக்கக்கூடாது என்பது. அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் குத்துகிற வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டிக்கொண்டு மயக்கம் வருவது: இவற்றில் எது வந்தாலும் நேராக மருத்துவமனைக்குப் போ. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருந்தால் இப்படித்தான் காட்டும், அது உயிர் போகிற விஷயம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும் அப்படியே. ரத்தத்தோடு சம்பந்தமில்லாவிட்டாலும், மாத்திரை போடுகிற யாருக்கும் ஒரு காலில் மட்டும் கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ, திடீரென்று நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தாலோ, இதுவரை இல்லாத தலைவலியோடு பார்வை மங்கினாலோ அன்றே போய்க் காட்ட வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. இந்த மாதத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்ததா? வேறு மாத்திரை ஏதாவது போடுகிறாயா? சேர்ந்த பிறகு மட்டும் ரத்தம் படுகிறதா?


கொடிமல்லி (புதன், மதியம் 1.25, சாப்பாட்டு நேரத்தில்)

அக்கா, இரண்டு தடவை படித்தேன். மூச்சு இப்போதுதான் சீராக வருகிறது. வாந்தி, பேதி இல்லை. வேறு மாத்திரை இல்லை, எப்போதாவது தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால். சேர்ந்த பிறகு என்று தனியாக இல்லை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சம்தான்.

பாப்பா இன்னும் இரவில் தாய்ப்பால் குடிக்கிறாள். அது தப்பா?


வெண்புறா (புதன், மாலை 5.40)

தப்பில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் வரைதான், பால் கொடுக்கிற தாய் இந்தக் கலவை மாத்திரையைப் போடக்கூடாது. உன் பாப்பா அதைத் தாண்டிவிட்டாள். தலைவலி மாத்திரையாலும் ஒன்றுமில்லை. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மட்டும் இன்னொன்று போட வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொள்.


வேம்படி (புதன், இரவு 8.10)

ஓய்வு பெற்ற மருந்தாளுநர் நான், வயது 67. வெண்புறா எழுதியதில் மாற்றிச் சொல்ல எதுவும் இல்லை. இந்த 'நடுவில் படுகிற' விஷயத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. தெரிந்தால் பயம் இன்னும் கொஞ்சம் குறையும் என்று எழுதுகிறேன்.

முதல் கருத்தடை மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்த 1950களில், அதில் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் மட்டும்தான் இருப்பதாக நினைத்திருந்தார்கள். பிறகு பார்த்தால் தயாரிப்பில் மிச்சப்பட்ட ஈஸ்ட்ரோஜன் வகைச் சரக்கு துளி கலந்திருந்தது. கலப்படம் என்று அதை நீக்கினார்கள். உடனே, மாத்திரை போட்ட பெண்களுக்கு நடுவில் ரத்தம் படுவது அதிகமானது. கலப்படம் என்று நினைத்த பொருள்தான் கர்ப்பப்பைப் படலத்தைப் பிடித்து வைத்திருந்தது! அதனால் அதைத் திரும்ப, அளவு பார்த்துச் சேர்த்தார்கள். 1960இல் அமெரிக்காவில் கருத்தடைக்கு என்று அனுமதி கிடைத்த மாத்திரையில் அந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது.

அவ்வளவு ஈஸ்ட்ரோஜன் ரத்தக் கட்டியை உண்டாக்குகிறது என்பது அப்புறம் தெரிய வந்தது. சில பெண்கள் இறந்தும் போனார்கள். படிப்படியாக அளவைக் குறைத்தார்கள். இன்று கொடிமல்லி கையில் இருக்கும் மாத்திரையில் எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் 30 மைக்ரோகிராம், அதாவது 0.03 மில்லிகிராம். கூடவே லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோன் 0.15 மில்லிகிராம். அட்டையின் பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் இருக்கும். 20 மைக்ரோகிராம் மாத்திரைகளும் கடையில் உண்டு, அவற்றில் நடுவில் படுவது இன்னும் கொஞ்சம் கூடுதல்.

நடுவில் கொஞ்சம் ரத்தம் படுவது, கால் நரம்பில் ரத்தம் கட்டாமல் இருக்க நாம் கொடுக்கிற விலை என்று என்னிடம் வாங்க வருகிற பெண்களிடம் சொல்வேன். அதுவும் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும்.

கணக்குக் கேட்பவர்களுக்கு: ஒரு நாளும் விடாமல் போட்டால், ஒரு வருஷத்தில் ஆயிரம் பெண்களில் மூன்று பேருக்குத்தான் கரு நிற்கும். மறதி, ஊர்ப் பயணம், அட்டை தீர்ந்து கடைக்குப் போக முடியாத நாள் எல்லாம் சேர்ந்த நிஜ வாழ்க்கையில் நூற்றுக்கு ஏழு பேர். மாத்திரை ஒன்றுதான். வித்தியாசம் முழுக்கக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. மாமியாருக்குப் பயந்து ஒளித்து வைக்கிற அட்டைதான் மறந்து போகிற அட்டை, இதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். கைப்பையில் ஒரு பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு வைத்து அதற்குள் போட்டுக்கொள்ளம்மா.


வைகைத்தென்றல் (வியாழன், காலை 7.30)

வேறு மாத்திரை போடுகிறாயா என்று வெண்புறா அக்கா கேட்டார்களே, அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்று வருஷமாக ஒழுங்காகக் கருத்தடை மாத்திரை போட்டு வந்தேன், ஒரு நாள்கூட நடுவில் பட்டதில்லை. பிறகு எனக்குக் காசநோய் என்று தெரிந்து அதற்கு மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் நாளே சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனது, அது ரிஃபாம்பிசின் மருந்தால், பயப்பட வேண்டாம் என்று சொன்னார்கள். சரி என்று இருந்தேன். மூன்றாவது வாரம் அட்டை நடுவில் ரத்தம் படத் தொடங்கியது. காசநோய்தான் காரணம் என்று நானே நினைத்துக்கொண்டேன். இரண்டு மாதம் அப்படியே ஓடியது. இருமலுக்காகப் பார்த்த வேறொரு டாக்டர்தான் "கருத்தடைக்கு என்னம்மா செய்யறீங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டதும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரிஃபாம்பிசின் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைத்து, கருத்தடை ஹார்மோனைச் சீக்கிரம் கரைத்துவிடுமாம். இரண்டு மாதமாக நான் போட்டது பாதிக்குப் பாதி வீணாகியிருக்கிறது. நல்லவேளை, டெஸ்டில் ஒரு கோடுதான். அன்றே ஆணுறைக்கு மாறி, பிறகு காப்பர்-டி போட்டுக்கொண்டேன்.

வலிப்புக்குக் கார்பமசெபின், ஃபெனிடாயின் போடுபவர்களுக்கும் இதேதான் என்றார். சாதாரண சளி, காய்ச்சல், பல்வலிக்குக் கொடுக்கிற அமாக்ஸிசிலின் மாதிரியான ஆன்டிபயாட்டிக்கால் இப்படி ஆகாது. மூன்று வருஷம் நன்றாக இருந்துவிட்டு திடீரென்று படத் தொடங்கினால், புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று பாருங்கள் தோழிகளே.


வெண்புறா (வியாழன், காலை 9.05)

மிக முக்கியமான விஷயம். இதோடு இன்னொன்றும்: மூன்று மாதம் தாண்டியும் விடாமல் படுகிறது, அல்லது சேர்ந்த பிறகு மட்டும் படுகிறது என்றால் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். கர்ப்பப்பை வாயில் தொற்று, சிறு சதை வளர்ச்சி, கட்டி எதுவாகவும் இருக்கலாம். 30 வயது தாண்டியவர்களுக்கு அரசு சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். ஐந்து நிமிட வேலை.


செம்பருத்திக்காடு (வியாழன், மதியம் 12.10)

நான் வாரம் ஒரு முறை போடும் சாயா என்ற கருத்தடை மாத்திரையில் இருக்கிறேன். எனக்குத் தலைகீழ். ரத்தமே காணோம், நாற்பது நாள் ஆகிறது. அதுவும் இதே மாதிரியா?


வேம்படி (வியாழன், மதியம் 12.45)

இல்லை, அது முற்றிலும் வேறு மருந்து. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது, ஹார்மோனே அல்ல. தனியார் கடையில் சஹேலி என்று விற்பதும் அதுதான். முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. அதில் பீரியட்ஸ் தள்ளிப்போவதும் குறைவாக வருவதும் வழக்கமான விஷயம். வர வேண்டிய தேதியிலிருந்து 15 நாள் தாண்டிவிட்டால் டெஸ்ட் பார்த்துவிடுங்கள். கிழமை தவறவிட்டீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.


ஆனிமழை (வெள்ளி, இரவு 10.20)

இந்த இழையைப் படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கோயம்புத்தூரில் இருக்கிறேன், 31 வயது, இரண்டு பிள்ளைகள். போன மாதம் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம், பீரியட்ஸ் தேதியில் விழுந்தது. மெடிக்கலில் கேட்டு, தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கி, மூன்று வேளை வீதம் எட்டு நாள் போட்டேன். பெயர் நார்எதிஸ்டிரோன் என்று அட்டையில் இருக்கிறது. ஹார்மோன் மாத்திரைதானே, கருவும் நிற்காது என்று அந்த நாட்களில் நாங்கள் வேறு எதையும் பார்த்துக்கொள்ளவில்லை.

நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும் என்றார்கள். நிறுத்தி 12 நாள் ஆகிறது. நான்காம் நாள் ஒரு சொட்டு, துடைத்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு இளஞ்சிவப்பாக. அதோடு சரி. அதைத்தான் பீரியட்ஸ் என்று இதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன்.


வெண்புறா (வெள்ளி, இரவு 10.41)

ஆனிமழை, நாளைக் காலை முதல் சிறுநீரில் டெஸ்ட் பாருங்கள். தள்ளிப்போடுகிற மாத்திரை வேறு, கருத்தடை மாத்திரை வேறு. பீரியட்ஸ் தேதிக்கு மூன்று நாள் முன்னால்தான் அதைப் போட ஆரம்பிப்பீர்கள். அதற்கு முன்பே கருமுட்டை வந்து போயிருக்கும். அது படலத்தை மட்டும் பிடித்து வைக்கும், கருவைத் தடுக்காது. கோயில் திருவிழா, கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று நம் ஊரில் எத்தனை பேர் இதைக் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள், யாரும் இந்த ஒரு வரியைச் சொல்லித் தருவதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

என்ன வந்தாலும் இங்கே எழுதுங்கள். தனியாக வைத்துக்கொள்ள வேண்டாம்.


ஆனிமழை (சனி, காலை 6.02)

இரண்டு கோடு. இரண்டாவது கோடு மெல்லிசாகத்தான் இருக்கிறது, ஆனால் இருக்கிறது. குளியலறை விளக்குக்குக் கீழே வைத்து, ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வைத்து, எப்படிப் பார்த்தாலும் இருக்கிறது. அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.


வெண்புறா (சனி, காலை 6.20)

மெல்லிய கோடும் கோடுதான் அம்மா. முதலில் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு உட்காருங்கள்.

இன்று முடிவு எதுவும் எடுக்க வேண்டியதில்லை. மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் எடுங்கள், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா, எத்தனை வாரம் என்று தெரியட்டும். நீங்கள் போட்ட மாத்திரையின் அட்டையை மறக்காமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. வேண்டாம் என்று நீங்கள் நினைத்தால், கருத்தடை முயற்சி தோற்றுப்போனது சட்டப்படி ஏற்கப்பட்ட காரணம். 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம், 2021இல் திருத்தினார்கள். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும், கணவர் கையெழுத்துச் சட்டத்தில் எங்கும் கேட்கவில்லை. யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் விவரத்தையும் அவர்கள் வெளியே சொல்லக்கூடாது.

ஒன்றை மட்டும் கும்பிட்டுக் கேட்கிறேன். மெடிக்கலில் 'கலைக்கிற மாத்திரை' வாங்கி வீட்டில் போடாதீர்கள். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் ஒன்பது வாரம் வரை அது நல்ல வழிதான். ஸ்கேன் இல்லாமல், குழாயில் கரு இருப்பது தெரியாமல் போட்டுவிட்டு, ரத்தத்தில் நனைந்த புடவையோடு ஆட்டோவில் வந்து இறங்கிய பெண்களை நான் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோயிருக்கிறேன். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104க்கு அழைத்தாலே வழி சொல்வார்கள்.


இருவாட்சி (சனி, காலை 8.15)

கொடிமல்லிக்கு நான் அன்று சொன்னதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. எங்கள் அத்தைக்கு ஏழு பிள்ளைகள். எள்ளுருண்டை இடித்த கையோடுதான் ஏழும் பிறந்தது, இதை நேற்று ராத்திரிதான் கூட்டிப் பார்த்தேன். ஆனிமழை, திங்கட்கிழமை உங்கள் பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்ளட்டுமா? நானும் கோவைதான், கணபதி பக்கம்.


கொடிமல்லி (அடுத்த வாரம் செவ்வாய், இரவு 9.10)

சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ரத்தம் பதினேழாம் நாளே நின்றுவிட்டது. இன்று கடைசி வெள்ளை மாத்திரைக்கு அடுத்தது, முதல் பழுப்பு மாத்திரை. அட்டை இப்போது கைப்பையில், மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள். அவர் போனில் 9 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறார், அடித்ததும் பாப்பா ஓடிவந்து என் டம்ளரைப் பிடித்துக்கொள்கிறாள்.


காவிரிக்கரை (செவ்வாய், இரவு 9.22)

டெஸ்டை மறந்துவிடாதே. பழுப்பு மாத்திரையில் பீரியட்ஸ் வந்தாலும் பார்.


கொடிமல்லி (மறு செவ்வாய், காலை 5.50)

ஒரு கோடு. ஐந்து நிமிஷம் காத்திருந்து பார்த்தேன், பத்து நிமிஷமும் பார்த்தேன். ஒன்றுதான். பீரியட்ஸும் நான்காவது பழுப்பு மாத்திரை அன்று வந்தது, போன மாதம் மாதிரியேதான். இன்று இரவு மூன்றாவது அட்டை.

ஆனிமழை அக்கா, ஸ்கேனுக்குப் போனீர்களா? அந்தச் சனிக்குப் பிறகு எழுதவே இல்லையே.


ஆனிமழை (மறு செவ்வாய், காலை 6.30)

போனேன் தங்கை. இருவாட்சி அக்கா வீட்டுக்கே வந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு வாரம், கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்து திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.


கொடிமல்லி (மறு செவ்வாய், காலை 6.34)

திங்கட்கிழமை எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலையில் பஸ் பிடித்தால் ஒன்பதரைக்குக் கோவை வந்துவிடுவேன். எந்த ஆஸ்பத்திரி என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள் அக்கா, வாசலில் நிற்கிறேன்.